அனாமத்துக் கணக்கு

தமிழ்ப் பத்திரிகைகளில் பல வருடங்களாக ஒரு நோய் உலவுகிறது. ஆண்களையும் சில சமயம் தாக்கும். ஆனால் இளம் பெண்கள் என்றால் அதற்கு ரொம்பப் பிடிக்கும். அதிலும் கல்யாணமாகி இரண்டு மூன்று வருடம் ஆனவர்கள், வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் இருப்பவர்கள் என்றால் விடவே விடாது. நோயின் பெயர், ‘தீராத வயிற்றுவலி’.

நீங்களும் படித்திருப்பீர்கள். உள்பக்கத்தில் நாலு வரிச் செய்தி. ஊர் பெயர், பெண் பெயர், வயது. தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்தார், வாழ்க்கையில் வெறுப்படைந்தார், தற்கொலை செய்துகொண்டார், போலீசார் விசாரித்து வருகின்றனர். அவ்வளவுதான். விசாரித்து என்ன தெரிந்தது என்று அடுத்த நாள் பேப்பரில் தேடினால் இருக்காது. வேறு ஒரு ஊரில், வேறு ஒரு பெண்ணுக்கு, அதே வயிற்றுவலி வந்திருக்கும்.

நிஜமாகவே நோயின் வேதனை தாங்காமல் போனவர்கள் உண்டு. அவர்களை நான் கேலி செய்யவில்லை. வைத்தியம் பார்க்கக் காசில்லாமல், ‘பொம்பளைக்கு இதெல்லாம் சகஜம்’ என்று சொல்லிச் சொல்லியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகாமல் விட்டிருந்தால், அந்த வயிற்றுவலிக்கும் வீட்டில்தான் காரணம் தேட வேண்டும். நான் கேட்பது இதைத்தான். ஒரு பெண் செத்துப்போனால், இந்தப் பதில் மட்டும் எப்படி எல்லோருக்கும் அவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது?

யோசித்துப் பாருங்கள். இந்தப் பதிலால் யாருக்கும் நஷ்டம் இல்லை. புகுந்த வீட்டுக்கு நிம்மதி. கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை உண்டு. அங்கே சொல்ல ஒரு காரணம் வேண்டும். பிறந்த வீட்டுக்கும் பல சமயம் இதுதான் வசதி. ‘போனவ போயிட்டா, இன்னொருத்தி கல்யாணத்துக்கு நிக்கிறாளே!’ சாயங்காலத்துக்குள் உடம்பு கையில் கிடைத்தால் போதும் என்றிருக்கும். ஸ்டேஷனுக்கு ஃபைல் முடியும். பத்திரிகைக்குப் பதிப்பு நேரத்துக்குள் செய்தி முடியும். செத்தவள் வந்து மறுக்கப் போவதில்லை.

நான் படித்தது பி.காம். அந்தப் படிப்பில் ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தார்கள். இருப்பாய்வில் பற்றும் வரவும் டேலி ஆகவில்லையென்றால், வித்தியாசத் தொகையை ‘அனாமத்துக் கணக்கு’ என்று ஒரு தலைப்பில் தற்காலிகமாகப் போட்டு வைப்பார்கள். சஸ்பென்ஸ் அக்கவுண்ட். அப்புறம் லெட்ஜரைப் புரட்டி, எங்கே தப்பு என்று கண்டுபிடித்து, அந்தக் கணக்கை முடித்தாக வேண்டும். வருடக்கணக்கில் அனாமத்தைச் சுமந்துகொண்டிருக்கிற கம்பெனியைப் பார்த்தால் ஆடிட்டருக்குச் சந்தேகம் வரும்.

தீராத வயிற்றுவலி என்பது நம் சமூகத்தின் அனாமத்துக் கணக்கு. காதல் தோல்வி, குடும்பத் தகராறு, மன உளைச்சல், விரக்தி எல்லாம் அதே கணக்கின் கிளைகள்தான். டேலி ஆகாத சாவுகளை எல்லாம் இதில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிறோம். லெட்ஜரைப் புரட்ட ஆளில்லை.

புரட்டுவதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. அதற்குப் பெயர் சமூகவியல். வீட்டில் ஒரு பிள்ளை அதைப் படிக்கிறேன் என்று சொன்னால், ‘அதைப் படிச்சா யார் வேலை குடுப்பா?’ என்று கேட்கிறோமே, அதே படிப்புதான்.

1897-ல் எமில் துர்கைம் என்ற பிரெஞ்சுக்காரர் ‘தற்கொலை’ என்ற பெயரிலேயே ஒரு புத்தகம் போட்டார். தற்கொலையைவிடத் தனிப்பட்ட காரியம் உலகத்தில் உண்டா? அதைச் செய்பவர் ஒருவர். அவர் மனசுக்குள் என்ன ஓடியது என்று அவருக்குத்தான் தெரியும். துர்கைம் அந்த மனசுக்குள் நுழையவே முயற்சி பண்ணவில்லை. தன் அக்கா மகன் மார்செல் மோஸை உட்காரவைத்து, சுமார் 26,000 தற்கொலைகளின் ஆவணங்களை வயது, பால், கல்யாணம், குழந்தை என்று பிரித்து எண்ணச் சொன்னார். பிறகு ஒரே கேள்வி கேட்டார். ஒவ்வொருவரும் தன் சொந்தக் காரணத்துக்காகத்தான் சாகிறார் என்றால், ஒரு நாட்டின் விகிதம் ஏன் வருடத்துக்கு வருடம் பெரிதாக மாறாமல் இருக்கிறது? கத்தோலிக்கர்களைவிட புராட்டஸ்டண்டுகள் ஏன் அதிகம் சாகிறார்கள்? கல்யாணமானவர்களைவிட ஆகாதவர்கள் ஏன் அதிகம்? பொருளாதாரம் சரியும்போது கூடுவது சரி, திடீரென்று செழிக்கும்போதும் ஏன் கூடுகிறது?

தனித்தனி மனசுகளை ஆராய்ந்தால் இதற்குப் பதில் கிடைக்காது. மனிதர்களை ஒருவரோடு ஒருவர் சேர்த்துக் கட்டியிருக்கும் கயிறு எங்கே தளர்ந்திருக்கிறது, எங்கே கழுத்தை இறுக்குகிறது என்று பார்க்க வேண்டும் என்றார் அவர்.

துர்கைமை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாது. கயிறு அளவுக்கு மீறி இறுகுவதால் வரும் சாவை அவர் ஒரு அடிக்குறிப்பில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தக் காலத்து ஐரோப்பாவுக்கு அது முக்கியமில்லை என்று நினைத்தார். நம் ஊர் மருமகளின் கதை, பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கிறது. அதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டிய வேலை நம்முடையது.

நம் லெட்ஜருக்கு வருவோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. 19,834 பேர். லட்சம் பேருக்கு என்று பார்த்தால் நாட்டின் சராசரி 12.4. தமிழ்நாட்டில் 25.9. இரண்டு மடங்கு. பீகாரில் 0.6.

‘மனசு உறுதியா இருந்தா எதுக்கு சார் சாகணும்?’ என்று கேட்கிறவர்கள் இந்த எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும். பீகார்காரர்களுக்கு நம்மைவிட நாற்பது மடங்கு மன உறுதியா? அல்லது அங்கே பாதிக்கு மேல் பதிவே ஆவதில்லையா? இரண்டாவதுதான் நியாயமான சந்தேகம். ஜாக் டக்ளஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1967-லேயே துர்கைமைப் பார்த்து இதைக் கேட்டார். சர்க்கார் புள்ளிவிவரம் என்பது வானத்திலிருந்து விழுவதில்லை. எதைத் தற்கொலை என்று எழுதுவது, எதை விடுவது என்று குடும்பமும் அதிகாரியும் சேர்ந்துதான் முடிவு செய்கிறார்கள் என்றார். வயிற்றுவலி எப்படி உற்பத்தியாகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் உண்டா?

எவ்வளவு விடுபடுகிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2010-ல் போலீஸ் கணக்கில் தற்கொலைகள் 1,34,599. வீடு வீடாகப் போய், பயிற்சி பெற்ற ஆட்களை வைத்து, போலீஸ் உடுப்பு இல்லாமல் குடும்பத்தாரிடம் பக்குவமாகக் கேட்டு எடுத்த ஓர் ஆய்வு 2012-ல் வெளியானது. அதன்படி அதே 2010-ல் சுமார் 1,87,000. ஐம்பதாயிரம் சாவுகளுக்கு மேல் போலீஸ் ரிஜிஸ்தருக்கு வெளியே நிற்கின்றன.

ரிஜிஸ்தருக்கு உள்ளே வந்தவையாவது ஒழுங்காக எழுதப்பட்டிருக்கின்றனவா? 2022-ல் காரணங்கள் என்ற பட்டியலில் முதல் இடம் ‘குடும்பப் பிரச்னைகள்’, 31.7 சதவீதம். இரண்டாவது ‘நோய்’, 18.4 சதவீதம். இரண்டையும் கூட்டினால் பாதி. வயிற்றுவலி இந்த இரண்டாவது கட்டத்தில்தான் பத்திரமாகப் போய் உட்காருகிறது. குடும்பப் பிரச்னை என்றால் எது? குடியா, அடியா, கந்துவட்டியா, பெண் குழந்தை பிறந்ததா? ‘காதல் விவகாரம்’ என்று இன்னொரு கட்டம். அதில் எத்தனை விவகாரங்களில் பெண்ணும் பையனும் வேறு வேறு சாதி? அதைச் சொல்ல அந்தப் பட்டியலில் இடமே இல்லை. அம்பேத்கர் 1916-ல், தன் இருபத்தைந்தாவது வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டுரை படித்தார். சாதியைக் காப்பாற்றும் யந்திரம் அகமணம், அந்த யந்திரத்துக்குள் அரைபடுகிறவள் பெண் என்று அதில் விளக்கினார். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் நமக்கு அது ‘காதல் விவகாரம்’தான்.

பெண்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். 2022-ல் தற்கொலை செய்துகொண்ட பெண்கள் 48,172 பேர். அதில் பாதிக்கு மேல், 25,309 பேர், இல்லத்தரசிகள். ‘நாட்டுல கல்யாணமான பொம்பளைங்க பெரும்பாலும் வீட்டுலதானே இருக்காங்க, அதனால அந்த எண்ணிக்கை அதிகமாத்தான் இருக்கும்’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வெறும் எண்ணைப் பார்த்து மிரளாமல், எத்தனை பேரில் எத்தனை என்று கேட்பதுதான் சமூகவியல். அப்படியே கேட்போம். உலகத்துப் பெண்களில் இந்தியப் பெண்கள் ஆறில் ஒருவருக்குக் கொஞ்சம் அதிகம். 2016-ல் உலகத்தில் தற்கொலை செய்துகொண்ட பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தியப் பெண். இந்த வித்தியாசத்தை எந்த வயிற்றுவலியில் போட்டு டேலி செய்வீர்கள்?

ஆண்கள் பக்கமும் இப்படித்தான். 2014-ல் தற்கொலை செய்துகொண்டவர்களில் தினக்கூலிகள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். 2021-ல் இருபத்தைந்துக்கும் மேல். பிரித்து எழுதும் முறையில் வந்த மாற்றமும் இதில் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் நடுவில் பணமதிப்பு நீக்கம், கொரோனா ஊரடங்கு என்று கூலிக்காரர்கள் தலையில் என்னென்ன விழுந்தது என்று நமக்குத் தெரியும். ‘மகன், மகள் கல்யாணக் கடன், வேலையில்லை, விரக்தி’ என்று ஒரே வரியில் அதையும் முடித்துவிடுகிறோம்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஒவ்வொரு முறை ஒரு மாணவியோ மாணவனோ செத்துப்போனதும் டி.வி.யில் விவாதம். ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி இல்லை’ என்று ஒருவர். ‘செல்போன்தான் காரணம்’ என்று இன்னொருவர். ‘கூட்டுக் குடும்பம் போச்சு’ என்று மூன்றாமவர். உடனே கல்லூரியில் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளரைக் கூப்பிட்டு இரண்டு மணி நேரம் கைதட்டுவார்கள். எல்லோரும் எழுந்து நின்று ‘என்னால் முடியும்’ என்று கத்துவார்கள். பொன்னாடை, காபி, போட்டோ. மறுநாள் அதே மார்க், அதே அட்டெண்டன்ஸ், அதே ஃபீஸ், அதே அவமானம்.

சி. ரைட் மில்ஸ் என்ற சமூகவியலாளர் 1959-ல் இதற்கு ஒரு அளவுகோல் கொடுத்தார். ஒரு லட்சம் பேர் இருக்கும் ஊரில் ஒரே ஒருவனுக்கு வேலை இல்லையென்றால், அவனுடைய குணத்தையும் திறமையையும் பார்க்கலாம். ஐந்து கோடி உழைப்பாளிகள் உள்ள நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லையென்றால், ஒன்றரைக் கோடி குணங்களை ஆராய்கிறேன் என்று கிளம்பக் கூடாது. நாட்டின் ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும். முதலாவது சொந்தச் சங்கடம், இரண்டாவது பொதுப் பிரச்னை. நாம் வருடத்துக்கு ஒன்றேமுக்கால் லட்சம் பொதுப் பிரச்னையைச் சொந்தச் சங்கடமாக மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

‘சரி சார், எல்லாத்துக்கும் சமூகம்தான் காரணம்னா, கொடுமைப்படுத்தின புருஷனும் மாமியாரும் தப்பிச்சுக்குவாங்களே?’

மாட்டார்கள். அவர்களைப் பிடிக்கிற சட்டமே இப்படிப் பார்த்ததால்தான் வந்தது. வயிற்றுவலிக்கு முன்னால் இன்னொரு வியாதி இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு.’ தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு விபத்து. 1970-களின் கடைசியில் டெல்லியிலும் மற்ற ஊர்களிலும் பெண்கள் அமைப்புகள் அவற்றைச் சேர்த்துவைத்துப் பார்த்தன. ஸ்டவ் ஏன் மருமகளுக்கு மட்டும் வெடிக்கிறது? மாமியார் காபி போடும்போது ஏன் வெடிப்பதில்லை? மகள் சமைக்கும்போது ஏன் சும்மா இருக்கிறது? கல்யாணமான முதல் சில வருடங்களில் மட்டும் ஸ்டவ்வுக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம்? இப்படிக் கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். 1983-ல் 498ஏ வந்தது. 1986-ல் வரதட்சிணைச் சாவு என்று தனிப் பிரிவே வந்தது. ‘கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள்’ என்று சட்டத்தில் ஒரு எண் இருக்கிறதே, அது தனி மனசை ஆராய்ந்து கிடைத்த எண்ணா? சாவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தவர்களின் கண்ணில் பட்டது அது. குற்றவாளி தப்பித்தது ஒவ்வொன்றையும் விபத்து என்று நம்பிய காலத்தில்தான். சட்டம் வந்தும் 2022-ல் 6,450 வரதட்சிணைச் சாவுகள் பதிவாகியிருக்கின்றன. அதனால்தான் லெட்ஜரை மூடக் கூடாது என்கிறேன்.

தமிழ்நாட்டிலேயே இன்னொரு உதாரணம். ஒரு காலத்தில் பிளஸ் டூவில் ஒரு பாடம் போனால் ஒரு வருடம் போச்சு. ரிசல்ட் வரும் நாள் என்றாலே பெற்றோருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். 2000-களின் தொடக்கத்தில், தோற்ற பாடத்தை உடனே மறுபடி எழுதி அதே வருடம் கல்லூரியில் சேரலாம் என்று ஏற்பாடு வந்தது. அதற்குப் பிறகு தேர்வுத் தோல்வியால் நடக்கும் தற்கொலைகள் குறைந்தன என்று, 1986-ல் சென்னையில் ‘சிநேகா’ அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் எடுத்துக் காட்டியிருக்கிறார். பிள்ளைகளின் மன உறுதி அந்த ஒரு வருடத்தில் கூடிவிட்டதா? ஒரு அரசாணை செய்த வேலை அது.

பக்கத்து நாட்டைப் பாருங்கள். 1995-ல் இலங்கையின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47. உலகத்திலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்துகொண்டே வந்தார்கள். இருபது வருடத்தில் விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. 93,000 உயிர்கள் தப்பின என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அந்த இருபது வருடத்தில்தான் அங்கே போர் உச்சத்துக்குப் போனது, சுனாமி வந்தது. ஜனங்களின் மனசு லேசாகியிருக்க முடியுமா? மனசைத் தனித்தனியாகத் தேற்றிக்கொண்டிருக்காமல், கடையில் எது விற்கலாம் என்ற விதியை மாற்றினார்கள். ஆத்திரமும் துக்கமும் உச்சத்தில் இருக்கும் அந்த ஒரு மணி நேரம் கடந்து போயிற்று. மனிதர்கள் பிழைத்தார்கள்.

கவுன்சலிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தத்தளிக்கிற ஆளுக்கு இப்போதே ஒரு கை வேண்டும். 104, 14416 என்ற எண்கள் அதற்குத்தான் இருக்கின்றன. இதைப் படிக்கிற யாருக்காவது தேவையென்றால் தயங்காமல் கூப்பிடுங்கள். ஆனால் ஆற்றில் வருடத்துக்கு ஒன்றேமுக்கால் லட்சம் பேர் விழுகிற ஊரில், நீச்சல் தெரிந்தவர்களைக் கரையில் நிறுத்திவிட்டால் மட்டும் போதுமா? பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் எங்கே உடைந்திருக்கிறது என்று ஒருவராவது போய்ப் பார்க்க வேண்டாமா?

அதற்கு என்ன செய்யலாம்? பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். முதலில், பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள் தீராத வயிற்றுவலிக்கு ஓய்வு கொடுக்கலாம். காரணம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுவோம். விசாரணை நடக்கிறது என்று எழுதினால், மூன்று மாதம் கழித்து அது என்ன ஆனது என்று கேட்போம். இரண்டாவது, காப்பகத்தின் அந்தக் காரணப் பட்டியலை உடைத்து எழுத வேண்டும். ஒரு சாவுக்கு ஒரு காரணம் என்று கட்டம் போட்டால், கடனும் குடியும் அடியும் சேர்ந்த சாவு எந்தக் கட்டத்தில் போகும்? மூன்றாவது, மாவட்டத்துக்கு மாவட்டம் சமூகவியல், சமூகப்பணி மாணவர்களைத் தயார் செய்து, காக்கி உடுப்பு இல்லாமல், துக்கம் ஆறிய பிறகு, அந்தக் குடும்பங்களிடம் போய் உட்கார்ந்து கேட்க வைக்க வேண்டும். அந்த 2012 ஆய்வு அப்படிக் கேட்டதால்தான் பதில் கிடைத்தது.

‘சோஷியாலஜி படிச்சா யார் வேலை குடுப்பா?’ என்று கேட்டோமே, வேலை இதோ கிடக்கிறது, மலை மாதிரி. கொடுக்கத்தான் ஆளில்லை. கம்பெனியில் பத்து ரூபாய் இடித்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேடுகிற கணக்குப்பிள்ளைக்குச் சம்பளம் உண்டு. 2022-ல் தமிழ்நாட்டில் மட்டும் இடித்தது 19,834 உயிர். எந்த மாவட்டத்தில், எந்த வயதில், எந்தத் தொழிலில், எந்த மாதிரி வீட்டில் இடிக்கிறது என்று உட்கார்ந்து தேட, மாவட்டத்துக்குப் பத்து பேரைச் சம்பளம் கொடுத்து வைக்க முடியாதா?

அதுவரை ஒரு சின்ன வேலை நீங்களே செய்யலாம். நாளைக்கு பேப்பரில் அந்த நாலு வரிச் செய்தி கண்ணில் பட்டால், பக்கத்தைப் புரட்டாதீர்கள். கல்யாணமாகி எத்தனை வருடம் என்று பாருங்கள். விசாரணை என்ன ஆனது என்று அந்தப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் போடுங்கள். பத்து பேர் கேட்டால் நிருபர் ஸ்டேஷனுக்குப் போவார். நிருபர் இரண்டாம் முறை வந்து நின்றால், இன்ஸ்பெக்டரும் அந்த ஃபைலை இன்னொரு தடவை திறப்பார்.